சொல்லிச் செய்வதும் வாங்குவதும்: டிரம் செட்டின் வரலாறு எழுப்பும் ஒரு கேள்வி

வீட்டுப் பொருள்களைக் குறித்துப் பேசும்போது தமிழில் இரு வினைகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 'கட்டில் வாங்கினோம்' என்பது ஒன்று. 'ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம்' என்பது மற்றொன்று. முன்னதற்குப் பணமும் கடையும் போதும். பின்னதற்குச் சொல்லத் தெரிந்த ஒருவரும், கேட்டுச் செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். டிரம் வாசிக்கும் மாணவர்களிடையே அடிக்கடி எழும் 'ஆயத்தமாகக் கிடைக்கும் செட்டை வாங்குவதா, கஸ்டமாகச் செய்விப்பதா' என்ற கேள்வியைப் பெரும்பாலும் விலைப்பட்டியலை வைத்தே விவாதிக்கிறோம். அக்கருவியின் வரலாற்றை வைத்து விவாதித்தால் விடை வேறு திசையில் செல்லும் என்பதே இங்கு நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தின் 'கஸ்டம்' என்பதற்கு மூலப்பொருள் வழக்கம், மரபு என்பதே. உடையைக் குறிக்கும் 'காஸ்ட்யூம்' என்ற சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஒரு கடைக்கு வழக்கமாக வருபவர் 'கஸ்டமர்' ஆனார். அவர் சொல்லியபடி செய்த பொருள் 'கஸ்டம்' பொருள் ஆயிற்று. பலருக்குப் பொதுவான வழக்கத்தைக் குறித்த ஒரு சொல், ஒருவருக்கு மட்டுமே உரிய தனித்தன்மையைக் குறிக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது. டிரம் செட்டின் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே ஒருவர் தமக்கெனச் சொல்லிச் செய்தது, பிறகு எல்லோருக்கும் வழக்கமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை 'டிரம் செட்' என்று ஒரு கருவியே இல்லை. அணிவகுப்பு இசையில் ஸ்நேர், பேஸ் டிரம், சிம்பல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலைஞர் இருந்தார். அமெரிக்க அரங்குகளில் இசைக்குழுவுக்கான இடம் சிறிது. ஊதியத்துக்கான பணமும் சிறிது. எனவே ஒருவரே பேஸ் டிரம்மையும் ஸ்நேரையும் அருகருகே வைத்து, கையிலிருந்த குச்சிகளால் மாறி மாறி அடித்தார். இதனுடன் சீனத்து டாம்-டாம், துருக்கியச் சிம்பல், மரக்கட்டை, மணி என்று கிடைத்தவை எல்லாம் சேர்ந்தன. இந்தக் காலத்தில் ஒவ்வொரு செட்டும் அதை வாசித்தவர் தம் தேவைக்கேற்பத் தாமே கூட்டிச் சேர்த்ததுதான். அதாவது, எல்லாமே 'கஸ்டம்'. ஆனால் அன்று அவற்றை யாரும் அப்பெயரால் பெருமையாக அழைக்கவில்லை; வேறு வழி இருக்கவில்லை.

சிகாகோ அரங்கு ஒன்றில் வாசித்துவந்த வில்லியம் எஃப். லுட்விக்குக்கு, அன்றைய ராக்டைம் இசையின் வேகத்துக்குக் கால்மிதி ஈடுகொடுக்கவில்லை. தமக்கென மரத்தால் ஒரு மிதியைச் செய்துகொண்டார். பொறியியல் அறிந்த அவருடைய மைத்துனர் ராபர்ட் டான்லியின் துணையுடன் அது உலோகத்துக்கு மாறியது. 1909இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் வில்லியமும் அவருடைய தம்பி தியோபால்டும் 'லுட்விக் அண்ட் லுட்விக்' நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு கலைஞரின் காலுக்குச் செய்த மிதி ஆயிரக்கணக்கான கால்களுக்குப் பொதுவாயிற்று. பேஸ் டிரம் காலுக்குப் போனதால் கைகள் விடுபட்டன. டிரம் செட் ஒரே கருவியாகப் பிறந்தது அங்கேதான்.

1930களில் இதே நிகழ்வு மீண்டும் நடந்தது. அதுவரை பெரும்பாலான டாம்-டாம்களின் கீழ்த்தோல் ஆணியால் அறையப்பட்டிருக்கும். அதன் சுருதியை மாற்ற இயலாது. இருபுறத் தோலையும் இறுக்கித் தளர்த்தக்கூடிய டாம்-டாம்கள் வேண்டும் என ஜீன் க்ரூப்பா ஸ்லிங்கர்லண்ட் நிறுவனத்திடம் கேட்டார். 1936 அளவில் அவை விற்பனைக்கு வந்தன. பேஸ், ஸ்நேர், மேலே ஒரு டாம்-டாம், தரையில் ஒரு டாம்-டாம் என்ற க்ரூப்பாவின் நான்கு டிரம் அமைப்பு அடுத்த தலைமுறைக்கு இலக்கணம் ஆயிற்று. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ரிங்கோ ஸ்டார் அமர்ந்து வாசித்ததும் அவ்வமைப்பிலேயே. சுமார் 7.3 கோடிப் பார்வையாளர்கள் கண்ட பேஸ் டிரம்மின் தோலில் இசைக்குழுவின் பெயருக்கு மேலே லுட்விக் என்ற பெயரும் எழுதப்பட்டிருந்தது.

இதற்கிடையே 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனத்தின் பாலியெஸ்டர் தோல்கள் விலங்குத் தோலின் இடத்தைப் பிடித்தன. மழைக்காலத்தில் தொய்ந்து, கோடையில் இறுகும் தோலின் குணம் கருவியை விட்டு நீங்கியது. தொழிற்சாலைச் செட்டுகள் எங்கும் ஒரே மாதிரி ஒலிக்க இதுவே பெருந்துணை. பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு வந்தன. 1980களின் தொடக்கத்தில் பேர்ல் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்போர்ட்' நடுத்தர வருவாயினர்க்கும் எட்டக்கூடிய செட்டாகப் பரவியது. யமஹா தன் தொழிற்சாலை வரிசைகளுக்கே 'ரெக்கார்டிங் கஸ்டம்', 'ஸ்டேஜ் கஸ்டம்' என்று பெயரிட்டது. மொழியியல் மாணவர் இவ்விடத்தில் நின்று கவனிக்க வேண்டும்: 'கஸ்டம்' என்பது உற்பத்தி முறையைக் குறிப்பதை விட்டு, தரத்தைப் புகழும் அடைமொழியாக இங்கே மாறிவிட்டது.

உண்மையிலேயே சொல்லிச் செய்துதரும் சிறு பட்டறைகளும் இந்த அலைக்கு எதிர்வினையாக வளர்ந்தன. ஆனால் அவர்கள் விற்பது எது என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். அமெரிக்கப் பட்டறைகள் பல, மரக்கூட்டைத் தாமே செய்வதில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் கெல்லர் நிறுவனம் அடுக்குப் பலகையால் செய்த கூடுகளையே நெடுங்காலம் வாங்கிவந்தன. பட்டறையின் கைவண்ணம் தெரிவது அளவைத் தேர்வதிலும், தோல் அமரும் விளிம்பைச் சீவுவதிலும், மேற்பூச்சிலும். இவற்றுள் விளிம்பு ஒலியை மெய்யாகவே மாற்றும். மேற்பூச்சோ பெரும்பாலும் கண்ணுக்கானது. ஒலியின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை டிரம்மின் விட்டமும் தோலின் தடிமனும் அதன் இறுக்கமும்தாம். நல்ல தோல் பூட்டிச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் கையில் எளிய செட்டும் நன்றாகப் பேசும்.

இந்தியாவிலிருந்து நோக்கினால் மற்றொரு செய்தி புலப்படும். மிருதங்கத்திலும் தபலாவிலும் சொல்லிச் செய்வது ஆடம்பரம் ஆனதில்லை, அதுவே இயல்பு. வித்துவான் தம் கைக்கு ஏற்ற நாதத்தைக் கேட்பார். செய்பவர் வலந்தலையைக் கழற்றி மீண்டும் மூட்டிக் கொடுப்பார். இந்த உரையாடல் ஆண்டுக்கணக்கில் நீளும். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்தின் செவியும் உழைப்பும் இருந்தன. இவ்வரலாற்றை டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விரிவாகப் பதிவுசெய்துள்ளது. அங்கே டிரம்மின் முகப்பில் செய்தவரின் பெயர் மின்னியது. இங்கே மாட்டுத்தோலைத் தொட்டு வேலை செய்தவரின் பெயரைச் சாதி மறைத்தது. இருப்பினும் சொல்பவரும் செய்பவரும் நேருக்கு நேர் அமர்ந்து திருத்திக்கொள்ளும் முறை இங்கேதான் ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்த உரையாடலையே கஸ்டம் என்ற சொல் விலைக்குத் தருவதாக வாக்களிக்கிறது.

எனக்கு இது ஏட்டுக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. எங்கள் ஆய்வு மாணவர் இசைக்குழுவில் ஐந்து பேர் உதவித்தொகையிலிருந்து சிறுகச் சேர்த்த பொதுநிதி இருக்கிறது. தொழிற்சாலைச் செட்டின் விலையைப் போல் இருமடங்கு கேட்கும் ஒரு கஸ்டம் விலைப்புள்ளியும் கையில் இருக்கிறது. அதைச் செய்விப்பதானால் நிதி முழுவதும் தீர்ந்துவிடும். செய்பவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். படிவத்தில் அளவுகளை நிரப்பி அனுப்ப வேண்டும். எங்களில் இருவர் டிரம் வாசிக்கிறோம். ஒருவருக்கு 22 அங்குல பேஸ் பிடிக்கும், மற்றவருக்கு 20. இன்னும் ஈராண்டில் இருவரும் ஆய்வேட்டை அளித்துவிட்டு வெளியேறுவோம். செட் அடுத்து வருபவர்களுக்கு நிற்கும்.

இந்நிலையில் தொழிற்சாலைச் செட்டையே வாங்குவது என்பது என் முடிபு. பொதுவில் நிற்கும் கருவி ஒருவர் கைக்கு மட்டும் அளவெடுத்ததாக இருத்தல் ஆகாது. எஞ்சும் தொகை நல்ல தோல்களுக்கும் உறுதியான மிதிக்கும் ஒரு தரமான சிம்பலுக்கும் செல்லட்டும். காதுக்கு எட்டும் மாற்றம் அங்கேதான் கிடைக்கும். செட்டின் தனிக்குரல் ஸ்நேரில் இருப்பதால், சொல்லிச் செய்யும் ஆசை உள்ளவர் பிற்பாடு அந்த ஒன்றை மட்டும் தம் பணத்தில் செய்விக்கலாம்.

ஆயினும் இம்முடிபு எல்லோருக்கும் பொருந்தாது. லுட்விக்கும் க்ரூப்பாவும் ஒரு குறையைப் பல நாள் வாசித்துக் கண்டறிந்த பிறகே வாய் திறந்தனர். இருக்கும் கருவியில் எது போதவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல இயலுமா? செய்பவரிடம் மீண்டும் மீண்டும் சென்று திருத்தக் கேட்க இயலுமா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் செய்வியுங்கள். செய்வித்த பின், உங்கள் பெயரோடு அவர் பெயரையும் அதில் எழுதுங்கள்.