கால் பிடித்த கதை

அந்தக் கால கிரேக்கத்தில் மல்யுத்தம் முடித்து வரும் வீரன் நேரே குளிக்கப் போகமாட்டான். களம் இறங்குவதற்கு முன்பே உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய். அதன்மேல் வியர்வை, அதற்கும் மேல் களத்து மண். அரிவாள் போல் வளைந்த ஒரு வெண்கலக் கருவியால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பார்கள். வழித்ததைக் கொட்டிவிடவும் மாட்டார்கள். மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் மருந்தாக அது விலைபோனது. பயிற்சிக்கூடப் பொறுப்பாளர்கள் இந்த வழிசலை 80,000 செஸ்டர்ஸ் நாணயத்துக்கு விற்றதுண்டு என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். சாம்பியனின் வியர்வைக்கு அன்றே மார்க்கெட் இருந்திருக்கிறது.

எண்ணெய் தேய்த்த அந்தக் கைகளிலிருந்து கிளம்பியதுதான் ஸ்போர்ட்ஸ் மசாஜ். அதற்கு இலக்கணம் வகுத்தவர் என்று நான் கேலனைச் சொல்வேன். கி.பி. 157 வாக்கில் பெர்கமம் நகரத்து கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பயிற்சிக்கு முன் தேய்ப்பது வேறு, பின் தேய்ப்பது வேறு என்றார். முன்பு என்றால், துணியால் தோல் சிவக்கத் தேய்த்து, பிறகு எண்ணெய் விட்டு நீவ வேண்டும், உடம்பு இளகிக்கொடுக்கும். பின்பு தேய்ப்பது அசதி தீர, உழைப்பில் உள்ளே சேர்ந்த கழிவு வெளியேற. அழுத்தமாகவா, மிதமாகவா, மெதுவாகவா; கொஞ்சமா, நடுத்தரமா, நிறையவா என்று கலந்து பார்த்து 9 வகை சொன்னார். ஓட்டத்துக்கு முன், ஓட்டத்துக்குப் பின் என்ற பிரிவை மாரத்தான் நடக்கும் இடங்களில் இன்றும் பார்க்கலாம். அவர் சொன்ன அந்தக் 'கழிவு' பின்னால் மறுபடி வரும்.

நடுவில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். ஐரோப்பிய டாக்டர்கள் மசாஜை மதிக்கும்படி செய்தவர்களில் முக்கியமானவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர். ஆம்ஸ்டர்டாம் கசாப்புக்காரர் ஒருவரின் மகன். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து டாக்டரானவர். 1868இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு, பிசகிய கணுக்காலைத் தேய்த்தே குணமாக்குவது பற்றியது. சுளுக்கு எடுப்பதற்கு டாக்டர் பட்டம்! பிறகு ஆம்ஸ்டெல் ஹோட்டலில் அவர் வைத்தியம் பார்த்தபோது அரச குடும்பத்தாரே தேடி வந்தார்கள்.

விளையாட்டு உலகத்தில் இந்தத் தொழிலுக்குத் தனி அந்தஸ்து வாங்கிக்கொடுத்தது சைக்கிள் பந்தயம். நாள் முழுக்க மலையேறி வருகிறவனின் காலை ராத்திரிக்குள் சரிசெய்தால்தான் மறுநாள் மிதிக்க முடியும். அதற்கென்றே அணியோடு ஓர் ஆள் போவார். மசாஜ் செய்வது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, புலம்பலைக் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. இவர்களில் பெரிய பெயர், வட இத்தாலியின் நோவி லிகுரே ஊரைச் சேர்ந்த பியாஜோ கவான்னா. கண்பார்வையை இழந்தவர். விரலால் தடவிப் பார்த்தே ஒரு வீரனின் தேறும் சக்தியைக் கணிப்பார் என்று பேர். அவரிடம் வந்து சேர்ந்த ஒல்லிப் பையன் ஒருவன், அதே ஊர் இறைச்சிக் கடையில் சைக்கிளில் சரக்கு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன். (இறைச்சிக் கடைக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன பந்தமோ!) ஃபௌஸ்தோ கோப்பி என்ற அந்தப் பையன் 1940இல், 20 வயதில், இத்தாலி சுற்றுப் பந்தயத்தை வென்றான். 1949இலும் 1952இலும் டூர் டி பிரான்ஸும் அவனுக்கே. பயிற்சி, சாப்பாடு எல்லாவற்றிலும் கவான்னாவின் சொல் இருந்தது. இருந்தாலும் அவரை இன்றும் மசாஜ்காரர் என்றே சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜாக் மீகர் என்ற மசாஜ் நிபுணர் 1980இல் ஸ்போர்ட்ஸ் மசாஜ் என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டார். அவர் குதிரைகளுக்கும் மசாஜ் செய்தவர்.

இதற்குள் கேலனின் கழிவுக்குப் புதுப்பெயர் கிடைத்திருந்தது: லாக்டிக் அமிலம். பிசைந்தால் அமிலம் வெளியேறும், வலி போகும் என்று மசாஜ் மேசைதோறும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அமிலம் யாரும் கை வைக்காமலே சீக்கிரம் வடிந்துவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமும் இல்லை. 2010இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, மசாஜ் அந்த நேரத்து ரத்த ஓட்டத்தைத் தடுத்து, அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதாகவே தெரிந்தது.

அப்படியானால் எல்லாம் வெறும் மனப்பிரமையா? 2012இல் அதே நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிட மசாஜ், மற்றது சும்மா. பிறகு இரண்டிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். அமிலத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் பெற்ற காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. 2020இல் 29 ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள் அடக்கமாகவே முடித்தார்கள்: உடம்பு வளைவது கொஞ்சம் கூடும், மறுநாள் வலி கொஞ்சம் குறையும், வேகம், பலம், தாங்கும் சக்தி கூடும் என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் பெரிய சைக்கிள் அணி எதுவும் மசாஜ் செய்பவரை வீட்டில் விட்டுவிட்டுப் பந்தயத்துக்குக் கிளம்புவதில்லை.