குற்றச்சாட்டுக்குப் பின் திரைவாழ்வு: மீள்வரவின் நூறாண்டு வரலாறு

பாலியல் குற்றச்சாட்டுக்கு உள்ளான கலைஞர் மீண்டும் தொழிலுக்குத் திரும்ப முடியுமா? 2017 அக்டோபரில் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் புகார்கள் பற்றி நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டதிலிருந்து உலகெங்கும் இக்கேள்வி விவாதிக்கப்படுகிறது. நீதிமன்றத் தீர்ப்பும் கலைஞரின் மனமாற்றமுமே இதற்கு விடை தரும் என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. விடுதலையானவர் ஒதுக்கப்பட்டிருக்கிறார், குற்றத்தை ஒப்புக்கொண்டவர் விருது பெற்றிருக்கிறார். வாய்ப்பு வழங்கும் அதிகாரம் அந்தந்தக் காலத்தில் யார் கையில் இருந்ததோ, அவர்களே மீள்வரவைத் தீர்மானித்தனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஸ்டூடியோக்களின் காலம்

1921இல் ராஸ்கோ ஆர்பக்கிள் பாரமவுண்ட் நிறுவனத்தின் முன்னணி நகைச்சுவை நடிகர். அந்த ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ விடுதி ஒன்றில் அவர் அளித்த விருந்தில் நடிகை வர்ஜீனியா ராப்பே நோயுற்று, நான்கு நாட்களில் இறந்தார். பாலியல் தாக்குதலால் மரணம் விளைவித்ததாக ஆர்பக்கிள் மீது வழக்கு பதிவானது. ஹெர்ஸ்ட் குழும நாளிதழ்கள் விசாரணைக்கு முன்பே அவரைக் குற்றவாளியாக்கின. முதல் இரண்டு விசாரணைகளில் ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. மூன்றாவது ஜூரி 1922 ஏப்ரல் 12 அன்று அவரை விடுவித்ததுடன், அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாக எழுத்துமூலம் வருத்தமும் தெரிவித்தது.

ஆறே நாட்களில் வில் ஹேஸ் அவருடைய படங்களைத் தடைசெய்தார். அரசுத் தணிக்கை வந்துவிடும் என்று அஞ்சிய தயாரிப்பாளர்கள், திரைத்துறையின் நற்பெயரைக் காக்க அமர்த்திய தலைவர் அவர். தயாரிப்பும் விநியோகமும் சில நிறுவனங்களின் பிடியில் இருந்ததால் ஒருவர் சொல்லே எல்லாக் கதவுகளையும் அடைத்தது. டிசம்பரில் தடை நீங்கியும் நிறுவனங்களின் அச்சம் நீங்கவில்லை. வில்லியம் குட்ரிச் என்ற புனைபெயரில் படங்களை இயக்கிவந்த ஆர்பக்கிள், 1932இல்தான் குறும்படங்களில் மீண்டும் நடித்தார். அடுத்த ஆண்டு 46 வயதில் காலமானார்.

கலைமேதை என்னும் கவசம்

அரை நூற்றாண்டுக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1977இல் இயக்குநர் ரோமன் பொலான்ஸ்கி 13 வயதுச் சிறுமியுடன் சட்டவிரோதப் பாலுறவு கொண்டதை லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்படும் முன், 1978 பிப்ரவரியில் பிரான்சுக்குத் தப்பினார். அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் அந்நாடு அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கவில்லை.

ஸ்டூடியோக்களின் ஏகபோகம் அப்போது தளர்ந்திருந்தது. ஐரோப்பிய முதலீடும் திரைப்பட விழாக்களும் இயக்குநரைத் தனித்த கலைஞராகப் போற்றின. 'தி பியானிஸ்ட்' 2002இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதே படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. கைதாவார் என்பதால் அவர் அமெரிக்க மண்ணில் காலடி வைக்கவே முடியாத நிலையில், அமெரிக்க அகாதமி அவரைக் கௌரவித்தது. அவரை அகாதமியிலிருந்து நீக்க 2018 வரை ஆயிற்று. 2020இல் பிரான்சின் சேசார் விருதும் அவருக்கே அறிவிக்கப்பட்டபோது நடிகை அடெல் ஹேனல் அரங்கிலிருந்து வெளியேறினார். 2023இல் ஹேனல் திரைத்துறையையே துறந்தார்.

நேரடிச் சந்தை

2017க்குப் பின் மூன்றாவது கட்டம். நகைச்சுவைக் கலைஞர் லூயி சி.கே. மீது அந்த நவம்பரில் ஐந்து பெண்கள் புகார் கூறினர். புகார்கள் உண்மை என்று மறுநாளே அவர் ஒப்புக்கொண்டார். எஃப்.எக்ஸ். தொலைக்காட்சி உறவை முறித்தது. அவர் இயக்கிய படத்தின் வெளியீடு ரத்தானது. பத்தே மாதங்களில் மேடையேறினார். தம் நிகழ்ச்சிகளை 2011 முதலே சொந்த இணையதளத்தில் விற்றுவந்தவர் அவர். ரசிகர்களிடமிருந்து பணம் நேரே வந்ததால் எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. 2020இல் அவ்வாறு வெளியிட்ட நிகழ்ச்சிக்கு 2022இல் கிராமி விருது கிடைத்தது.

நடிகர் கெவின் ஸ்பேசியின் கதை வேறு. 2022இல் நியூயார்க் உரிமையியல் வழக்கில் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023இல் லண்டன் நீதிமன்றம் ஒன்பது குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. ஆயினும் அதற்குப் பின் அவருக்கு அமைந்தவை பெரும்பாலும் சிறு தயாரிப்புகளே. பிறர் முதலீட்டை நம்பியிருக்கும் நடிகருக்குத் தீர்ப்பு மட்டும் போதவில்லை.

புகார் கூறியவர்களின் மீள்வரவு

இவ்வரலாற்றில் பாதி எப்போதும் எழுதப்படாமல் போகிறது. வைன்ஸ்டீன் மீது பின்னர் புகார் கூறிய நடிகைகள் ஆஷ்லி ஜட், மிரா சொர்வினோ ஆகியோருடன் வேலை செய்வது கடினம் என்று வைன்ஸ்டீனின் மிராமேக்ஸ் நிறுவனம் 1990களில் தம்மிடம் சொன்னதாக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2017இல் வெளிப்படுத்தினார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பட்டியலிலிருந்து இருவர் பெயரும் அதனால் நீக்கப்பட்டதாம். வைன்ஸ்டீன் தரப்பு இதை மறுத்தது. நடிக்காமலே போன படங்களுக்கு எந்த நீதிமன்றமும் ஈடு தர முடியாது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்து மீது குற்றஞ்சாட்டினார்; கவிஞர் மறுத்தார். அடுத்த மாதமே, சந்தா செலுத்தவில்லை என்ற காரணம் காட்டி டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை நீக்கியது. குற்றச்சாட்டின் உண்மை எதுவாயினும், தொழிலை இழந்தவர் புகார் கூறியவர்தான். மலையாளத் திரையுலகம் குறித்து 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கையும், எதிர்த்துப் பேசும் பெண்களுக்கு வாய்ப்பு மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது.

முடிவுரை

புகழிழந்த கலைஞர் திரும்ப முடியும் என்பதை நூறாண்டு காட்டுகிறது. அவருக்குச் சொந்தச் சந்தை இருந்தால் விரைவாகவும், பிறர் தயவை நம்பியிருந்தால் தாமதமாகவும் அது நிகழ்கிறது. குற்றமுண்டா இல்லையா என்பது இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. இந்த முறையால் பொய்ப்புகாருக்கு ஆளானவருக்கும் நீதி இல்லை, உண்மையாகவே பாதிக்கப்பட்டவருக்கும் நீதி இல்லை. திரைத்துறைச் சங்கங்கள் சுதந்திரமான விசாரணைக் குழுக்களை அமைக்க வேண்டும். புகார் கூறியவர் வேலையிழக்காமல் காப்பதைத் தம் முதல் கடமையாக ஏற்க வேண்டும். அவர் தொழிலில் நிலைத்திருக்கும்போதுதான் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மீள்வரவு பற்றிப் பேசும் தகுதி அத்துறைக்கு வரும்.