கோடியக்கரைக் காடும் கார்த்திகைப் பூவும்



கார்த்திகை பிறந்தால் யாராவது ஒருவர் செங்காந்தள் படத்தை அனுப்பி, "சார், இது நம்ம ஊர்ப் பூவா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். நம்ம ஊர்ப் பூதான். நம் மாநில மலரும் அதுதான். கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு எல்லாம் ஒன்றே. அது காட்டுச் செடியாகப் படர்ந்து பூப்பதைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போங்கள்.

காவிரித் தண்ணீர் எட்டிய இடத்தையெல்லாம் நம் முன்னோர் வயலாக்கிவிட்டார்கள். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒட்டிக்கொண்டதுதான் காட்டுச் செடிகளுக்குக் கிடைத்த இடம். கடலோர மணல்மேடு என்பதால் கோடியக்கரை ஏருக்குத் தப்பியது. சுந்தரர் கோடிக் குழகரைப் பாடும்போது, இந்தக் கடற்கரைக் காட்டில் துணையில்லாமல் தனியே இருக்கிறீரே என்று இறைவனிடமே கேட்கிறார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அது காடுதான்!

நம் பக்கத்துச் செடிகளை ஐரோப்பிய முறையில் ஆராய்ந்தவர்களில் முன்னோடி, லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தவர். நாம் தினமும் தாளிக்கும் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகை' என்று அவர் இருக்கிறார். (பெயர் அவருக்கு, ரசம் நமக்கு.) அவருக்குப் பின் 1776இல் வந்த ராட்லர் பாதிரியாரும் செடி சேகரித்தார்; தமிழ் அகராதியும் தொகுத்தார். கோனிக்கின் நண்பர் ராக்ஸ்பர்க், மரக்கிளையில் ஒட்டி வளரும் வாண்டா என்ற ஆர்க்கிட்டை 1795இல் சோழமண்டலக் கரைத் தாவர நூலில் படத்துடன் வெளியிட்டார். அதைப் புல்லுருவி என்று நினைத்துப் பிய்த்து எறிபவர்கள் உண்டு. அது மரத்தை உறிஞ்சாது. மழையும் காற்றின் ஈரமும் போதும்.

1967இல் கோடியக்கரை சரணாலயமானது வெளிமானுக்காகவும் வலசைப் பறவைகளுக்காகவும்தான். பூவை நினைத்து யாரும் வேலி போடவில்லை. ஆனால் மானுக்குப் போட்ட காவலில் பாலை மரமும் அதன் நிழலில் கொடிகளும் பிழைத்தன. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம் என்ற பெயரும் அந்தப் பகுதிக்குக் கிடைத்தது. அதுவும் பறவைகளால் வந்த பெருமைதான். பூக்களுக்கென்று தனிப் பலகை ஒன்றாவது அங்கே வைக்கலாம் என்பது என் ஆசை.

இப்போது உள்ளே சீமைக் கருவேலம் புகுந்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரை ஏறியது. காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. பாலை மரம் மிக மெதுவாக வளரும். கருவேலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, வெட்டவெளி கிடைத்தால் போதும். செங்காந்தளுக்கு இன்னொரு தொல்லை அதன் விலை. கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. வேதாரண்யம் பக்கத்தில் பயிராகவே போடுகிறார்கள். அது நல்லது, காட்டில் தோண்டத் தேவையில்லை.

மழைக்குப் பின் போகிறவர்கள் படம் மட்டும் எடுத்து வாருங்கள். கிழங்கைக் கொண்டுவந்து தொட்டியில் வைக்காதீர்கள். செடி முழுக்க விஷம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.