சேலம் ஜில்லாவும் கண்டிச் சீமையும்

தருமபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டில் தனியாகப் பிரியும் வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கம்பைநல்லூர்ச் சீமையில், வானத்தை நம்பிக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விதைத்த குடியானவர்களுக்கும், அவர்களை அண்டிக் கூலிவேலை செய்த ஜனங்களுக்கும், பருவம் அடுத்தடுத்துப் பொய்த்துவிட்டால் ஊரைவிட்டுப் புறப்படுவதைத் தவிர வேறு மார்க்கம் அநேகமாக இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை மிகவும் கொடுமையாக வாட்டிற்று. கடலுக்கு அப்பால், கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கையின் மலைநாட்டிலோ ஆள் பஞ்சம். சிங்களக் குடியானவர் சொந்த வயலை விட்டுத் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக அமர இசையாதபடியால், காப்பி பயிரிட்ட துரைமாரும், 1869-இல் கண்ட இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலை வைத்தவர்களும், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை ஜில்லாக்களின் வறுமையைத் தங்கள் ஆள்பலமாகக் கொண்டார்கள். உலகில் ஆளே இல்லை என்பதன்று அவர்கள் குறை. அந்தச் சொற்பக் கூலிக்கும், லயம் என்னும் வரிசை வீட்டு வாழ்வுக்கும் உடன்படுகிற ஆள் அங்கே இல்லை.

இக்குறையைத் தீர்த்தது கங்காணி முறை. துரை கொடுத்த முன்பணத்தோடு தன் ஊருக்குத் திரும்பும் கங்காணி, அதாவது கூலியாட்களை மேய்க்கும் தலைவன், உற்றார் உறவினரிடையே ஆள் கட்டி, அவர்களுடைய பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றையும் அவரவர் பற்றில் எழுதிக்கொள்வான். ஆகவே மலை ஏறிய அன்றைக்கே கூலியாள் கடனாளி. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைப் புதிய துரை பணம் கட்டி மீட்க வேண்டும். அக்கடனில் பெரும்பகுதி அவன் கையால் தொட்டறியாத பணம் என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சர்க்கார், தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையை ஆளுக்கொன்றாகக் கொடுக்கச் செய்து, அவர்களைக் கொண்டுசேர்க்கும் பிரயாணச் செலவைத் தானே முதலில் ஏற்று, வில்லையின் எண்ணைப் பார்த்து உரிய தோட்டத்திடம் வசூலித்துக்கொண்டது. 1904-இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் ஆள் சேர்க்கும் ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார்கள். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மலேயாவிலோ 1907-லேயே முதலாளிகளிடம் வரி வாங்கி, அதைக்கொண்டு தமிழ்க் கூலிகளின் பிரயாணச் செலவைக் கொடுக்கும் நிதி ஏற்பட்டுவிட்டது. கடன் சுமத்தாமல் ஆள் அழைக்க முடியும் என்பதற்குக் கண்ணெதிரே இந்த உதாரணம் இருந்தும், இலங்கையில் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. மறு ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும், 1923-இல் கண்டியில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டும், 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. 1939-இல் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகளின் பிரயாணத்தையே தடுத்துவிட்டது.

ஆளை வரவழைக்க இத்தனை சிரத்தை காட்டிய தேசம், வந்தவர்களின் சந்ததியைத் தன் பிரஜைகளாக ஏற்கும் கட்டம் வந்தபோது பின்வாங்கிற்று. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை இரு சர்க்கார்களும் கேட்கவில்லை.