கத்தரித்த டாலர்

பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த கூப்பன் என்ற தள்ளுபடிச் சீட்டு ஒன்று அமெரிக்க மளிகைக்கடையில் ஒரு டாலர் பெறும். ஆனால் அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் வேறொரு மதிப்பு அச்சாகியிருக்கும்: ரொக்கமாக ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு. பத்தாயிரம் சீட்டைச் சேர்த்து நீட்டினால் கைக்கு ஒரு டாலர் வரும். சேர்த்துவைத்துப் பரிசு வாங்கிக்கொள்ளும் முத்திரைகளைக் கொடுத்துக் கடைகள் ஆள்பிடித்த காலத்தில், அவற்றுக்கு ஏதாவது ஒரு ரொக்க மதிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டன. முத்திரைகள் போய்விட்டன. சட்டத்துக்குப் பயந்த பொடி எழுத்து மட்டும் கூப்பன்களில் தங்கிவிட்டது.

2010 வாக்கில் புறப்பட்ட ஒரு பற்பசைக் கூப்பனை எடுத்துக்கொள்வோம். அதன் குலம் பழையது. 1880களின் கடைசியில் அட்லாண்டாவில் கோகோ கோலா ஒரு கோப்பை இலவசம் என்று சீட்டு விநியோகித்தது. 1913க்குள் ஏறக்குறைய 85 லட்சம் கோப்பைகள் அப்படி ஊற்றிக் கொடுக்கப்பட்டன. இதற்கிடையில் காலை உணவுத் தானியம் விற்ற சி.டபிள்யூ. போஸ்ட் ஒரு சென்ட் தள்ளுபடிச் சீட்டை வழங்கினார். 1970களில் வலாசிஸ் என்ற மிச்சிகன் அச்சு நிறுவனம் பல கம்பெனிகளின் கூப்பன்களை ஒரே வண்ண இணைப்பாக்கி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குள் செருகியது. நம் பற்பசைச் சீட்டும் அப்படி ஒரு இணைப்புக்குள் மடங்கித்தான் வீட்டு வாசலில் வந்து விழுகிறது.

பற்பசையின் விலையிலேயே ஒரு டாலரைக் குறைத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தக் காகிதம்? குறைத்தால் எல்லோருக்கும் குறையும். கம்பெனிக்கு வேண்டியது ஒரே பொருளுக்கு இரண்டு விலை: அவசரமாக வந்து எடுத்துப் போகிறவருக்கு முழு விலை, மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டுக்குக் குறைந்த விலை. யார் எந்த ரகம் என்று கல்லாவில் கேட்க முடியாது. ஆகவே கத்தரிக்கோலைக் கேட்க வைத்தார்கள். கத்தரித்து, பத்திரப்படுத்தி, காலாவதிக்குள் மறக்காமல் எடுத்து வருகிறவர் மட்டும் குறைந்த விலைக்காரர். அந்தச் சள்ளை தற்செயலானதே அல்ல, கூப்பனின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் சுமார் 31,000 கோடி கூப்பன்கள் வெளியாயின; கடைக்குத் திரும்பியவை 800 கோடிகூட இல்லை. மிச்சமெல்லாம் குப்பைக்கூடைக்குப் போனதில் கம்பெனிகளுக்கு வருத்தம் இருந்திருக்காது.

அந்தக் காகிதத்தையே ஒழித்துவிட 1996இல் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிள் முயன்றது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் வட்டாரங்களில் கூப்பன்களை நிறுத்தி, பதிலாக விலையைக் குறைக்கிறோம் என்றது. ஜனங்கள் கொதித்தார்கள். கையெழுத்து வேட்டை, புறக்கணிப்பு என்று ஊர் கிளம்பியது. மற்றக் கம்பெனிகளும் பேசிவைத்துக்கொண்டு நிறுத்தினவா என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையைத் தொடங்கினார். 1997இல் சோதனை கைவிடப்பட்டது. வழக்கு 42 லட்சம் டாலருக்கு முடிந்தது. அந்தத் தொகையை ஜனங்களுக்கு எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? கூப்பனாக.

நம் சீட்டுக்கு வருவோம். 2008 மந்தநிலையில் வேலை போன வீடுகள் கத்தரிக்கோலை மறுபடி எடுத்தன. பல ஆண்டுகளாக இறங்கிவந்த கணக்கு 2009இல் திரும்பி, 330 கோடி கூப்பன்கள் கடைக்கு வந்தன. நம் சீட்டு வந்து விழுந்த வீட்டின் வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நான்கு பிரதி வாங்குகிறவள். சீட்டை வெட்டி, பேஸ்பால் அட்டைகள் சேகரிக்கும் பிளாஸ்டிக் உறைகள் வைத்த கோப்பில் செருகுகிறாள். உடனே ஓடிப்போய் வாங்கமாட்டாள். பற்பசையோ பாஸ்தாவோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமட்ட விலைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாரம் வரைக்கும் சீட்டு உறைக்குள் தூங்கும். கடையின் சொந்தக் கூப்பனும் கம்பெனிக் கூப்பனும் ஒரே பொருளில் செல்லும் கடையாக இருந்தால் பற்பசை சும்மாவே வந்துவிடும். வாங்கும்போது அடுத்த மலிவு வாரம் வரைக்கும் தாங்குகிற அளவு வாங்குவாள். வீட்டில் கராஜ் அலமாரியில் பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்குவாள்.

இதைத்தான் டிஎல்சி தொலைக்காட்சி ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ என்று வித்தையாக்கிக் காட்டியது. நூற்றுக்கணக்கான டாலர் பில் சில டாலருக்குச் சரிவதைப் பார்க்கச் சுவாரஸ்யம்தான். ஆனால் ஒரு குடும்பம் எத்தனை வருஷத்துக்குக் கடுகு சாஸ் தின்னும்? கூப்பன்கள் பெரும்பாலும் பெட்டிக்கும் டப்பாவுக்கும் பாட்டிலுக்கும்தான் வரும். தக்காளிக்கும் கீரைக்கும் அபூர்வம். விவரமறிந்தவள் கூப்பனைச் சமைப்பதில்லை. பற்பசையிலும் ஷாம்புவிலும் மிச்சம் பிடித்த காசை எடுத்துப்போய்க் காய்கறியில் போடுகிறாள். இதற்காக வாராவாரம் அவள் செலவழிக்கும் மணிநேரங்களுக்குக் கூலி போட்டால் என்ன தேறும் என்ற கேள்வியை, வேறு வேலை கிடைக்காத ஊரில் கேட்பது நியாயமாகாது.

கல்லாவில் நம் சீட்டின் பட்டைக்கோடு பீப் என்கிறது. அப்போதெல்லாம் 5இல் தொடங்கும் எண் என்றால் இயந்திரத்துக்கு அது கூப்பன். அந்தப் பழைய குறியீட்டில் ஓட்டை இருந்தது: ஒரே கம்பெனியின் வேறு பொருளுக்கும் சில சீட்டுகள் செல்லுபடியாகிவிடும். அதைத் தெரிந்துவைத்து விளையாடியவர்களும் உண்டு. 2011 வாக்கில் வந்த புதிய பட்டைக்கோடு அந்த வழியைப் பெரிதும் அடைத்தது.

பற்பசை வீட்டுக்குப் போகிறது. சீட்டு கல்லாப் பெட்டிக்குள் விழுகிறது. பெரும்பாலோர் கதை இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். சீட்டுக்கோ நெடும்பயணம் இப்போதுதான் ஆரம்பம். கடை இன்னும் அந்த டாலரை வாங்கவில்லை, கடனாகத்தான் கொடுத்திருக்கிறது. சீட்டின் அடியில் ஒரு முகவரி உண்டு. பல கூப்பன்களில் அது டெக்சஸின் டெல் ரியோ, அல்லது எல் பாஸோ. இரண்டும் ரியோ கிராண்டே ஆற்றங்கரை ஊர்கள், எதிர்க்கரை மெக்சிகோ. கடைகளிலிருந்து மூட்டைமூட்டையாக வரும் சீட்டுகளைக் கம்பெனிவாரியாகப் பிரித்து எண்ணுகிற கிளியரிங் ஹவுஸ் வேலையின் பெரும்பகுதி மெக்சிகோ ஆலைகளுக்குப் போனது, அங்கே கூலி குறைவு என்பதால். அமெரிக்க வீட்டுக்காரி ஒரு டாலருக்காக வெட்டியதை மெக்சிகோக்காரி எண்ணுகிறாள். கணக்கு கம்பெனிக்குப் போனதும் கடைக்கு டாலரும், கையாண்ட சிரமத்துக்கு எட்டு சென்ட்டும் வந்து சேரும். எண்ணி முடித்த சீட்டு அழிக்கப்படும்.

இன்று இந்தப் பாதையில் காகிதம் அருகிவிட்டது. கடையின் செயலியில் விரலால் தட்டினால் தள்ளுபடி ஏறிக்கொள்ளும். பதிலுக்கு யார், எப்போது, என்ன வாங்கினார் என்ற விவரம் கடைக்குப் போகும். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் ‘டிஜிட்டலில் மட்டும்’ என்று எழுதிய விலைப்பலகைக்கு முன்னால் முழு விலைக்காரர்களாக நிற்கிறார்கள். ஒரு காலத்தில் கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பியவர் கொடுத்த முழு விலையை, வருஷக்கணக்காக வெட்டிச் சேர்த்தவரே இப்போது கொடுக்க வேண்டியதாயிற்று. 2025இல் சான் டியாகோ நகர மன்றம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது: செயலியில் தள்ளுபடி தருகிற மளிகைக்கடை, கேட்பவருக்கு அதே தள்ளுபடியைக் காகிதத்திலும் தர வேண்டும்.