உறையிலேயே இருந்த துப்பாக்கி

தற்காப்புக்கெனத் துப்பாக்கியை மறைத்துச் செல்லும் உரிமை அமெரிக்காவில் உண்டு. சிங்கப்பூரில் அதற்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றி வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 6 பிரம்படியும் உண்டு. தீங்கு செய்யும் நோக்கில் சுட்டால், குண்டு எவர்மீதும் படாவிடினும், மரண தண்டனை. ஆகவே இங்குத் துப்பாக்கியின் பொறுப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் காவலரே.

அப்பொறுப்பு 2013 டிசம்பர் 8 இரவு சோதனைக்குள்ளாயிற்று. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின்கீழ்ச் சிக்கித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்தெழுந்தது, காவல் வண்டிகள் கவிழ்ந்தன, ஆம்புலன்ஸ் எரிந்தது. இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தும் காவலர் எவரும் சுடவில்லை. சிலர் பின்வாங்கியது, முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழுவின் விசாரணையில் கடுங்கேள்விக்குள்ளாயிற்று. கோழைமை என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அவ்விரவில் உயிரிழந்தவர், பேருந்தின்கீழ்ச் சிக்கிய அவர் ஒருவரே.