ஒரு மார்ஷ்மெலோவும் 35 பிள்ளைகளும்

மேசையில் ஒரு மார்ஷ்மெலோ. "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். நாலு வயதுப் பிள்ளை தனியே இருக்கும். இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "காத்திருந்த பிள்ளைதான் பிறகு நன்றாகப் படித்தது. நீயும் மனதை அடக்கப் பழகு" என்று வீட்டில் யாராவது சொல்லியும் இருக்கலாம். அந்த முடிவு எப்படி வந்தது தெரியுமா?

1960களின் கடைசியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் வால்டர் மிஷெல் இந்தச் சோதனையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்கேற்றார்கள். அவர்கள் வளர்ந்தபின் தேடிப் பிடித்து, 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிக நேரம் காத்திருந்தவர்களுக்கு எஸ்.ஏ.டி. தேர்வில் மதிப்பெண்ணும் அதிகம் என்றது அது.

ஆனால் அந்தக் கணக்கில் இருந்தது வெறும் 35 பிள்ளைகள். அவர்களும் ஒரே பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் படித்தவர்கள். மாதிரி சிறியது, கவனம் தேவை என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். செய்தி பரவியபோது அந்த வரி மட்டும் கூடவே போகவில்லை. மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிய கதை. ஒரு கணினியில் ஓடிய நிரல் எல்லாக் கணினியிலும் ஓடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

2013இல் செலஸ்ட் கிட் குழுவினரின் ஆய்வு வெளியானது. அதில் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல வரைபொருட்கள் கொண்டு வருவதாக எல்லோருக்கும் சொன்னார்கள். ஒரு பாதிக்குச் சொன்னபடி கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. அதன்பிறகுதான் மார்ஷ்மெலோ வந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் சுமார் 3 நிமிடம்தான்.

2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் கண்டதில் பாதியளவே இருந்தது. குடும்பச் சூழலையும் சிறுவயதுத் திறனையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி மறைந்தது.

பொறுமை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கையிலிருப்பதை உடனே சாப்பிட்ட பிள்ளையை மனவலிமை இல்லாதது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் பொருள். சொன்ன வாக்கு அடிக்கடி தவறும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, உடனே சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த முறை யாராவது "ஆய்வு சொல்கிறது" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பிள்ளைகள்? யாருடைய பிள்ளைகள்? வேறு எது காரணமாக இருக்கலாம்?